ஸ்டெம் செல்லா, மாத்திரையா, கைக்கண்ணாடியா?

அந்தத் தாள் இன்னும் சித்தி வீட்டு ஃப்ரிட்ஜ் மேல்தான் கிடக்கிறது. வழவழவென்ற ஆர்ட் பேப்பர். மேலே நீல நிறத்தில் ஒரு மூளை. அதன் நடுவிலிருந்து இரண்டு இலை விட்டுச் செடி முளைக்கிற மாதிரி படம். கீழே விலை: மூன்று தவணை ஸ்டெம் செல் ஊசி, பதினைந்து நாள் தங்கல், பிசியோ எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம். விமானச் செலவு நம்முடையது.

தம்பி விராலிமலைக்கு இந்தப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது, தலையில் இல்லை. மூளை வீங்கியதால் மண்டையோட்டில் உள்ளங்கை அளவு எலும்பை எடுத்து, கெட்டுப்போகாமல் இருக்க அவன் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருந்தார்கள். வென்டிலேட்டர் எடுத்தாயிற்று. தொண்டையில் மூச்சுவிட டிராக்கி குழாய், மூக்கில் சாப்பாட்டுக் குழாய். கண் திறப்பான், மூடுவான், யாரையும் பார்க்கமாட்டான். "இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் பஞ்சாயத்து. சித்தப்பாவுக்கு ஸ்டெம் செல்தான். "நிலத்தை வித்தாவது பாத்துடலாம்." மாமாவுக்கு மூளை ஊசி. "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையன் அதுலதான் எழுந்தான்." சித்தி வாயே திறக்கவில்லை. கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். திருச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் கணக்கில் அது அரை டாக்டர்.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அந்த வாரம் தினமும் கடை ஷட்டரை இறக்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன். தெரிந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரிடமும், மறுவாழ்வு சிகிச்சை பார்க்கும் ஒருவரிடமும் வெட்கப்படாமல் கேட்டேன். அதே மாதிரித் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேறு வீடுகளுக்கு இது உபயோகப்படலாம்.

முளைக்குமா?

சித்தப்பா கேட்டது நேரான கேள்வி: "செத்த மூளை செல் திரும்ப முளைக்குமா, முளைக்காதா?"

நூறு வருடத்துக்கு முன்னால் ஸ்பெயின்காரர் ரமோன் இ காஹால், வளர்ந்த மூளையில் எதுவும் புதிதாகப் பிறக்காது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பல தலைமுறை மருத்துவர்கள் அதைத்தான் படித்தார்கள். 1960களில் ஜோசப் ஆல்ட்மன் எலி மூளையில் புதுச் செல்களைக் காட்டினார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1998ல் பீட்டர் எரிக்சனும் ஃபிரெட் கேஜும் மனித மூளையிலும் பார்த்ததாக அறிவித்தார்கள். புற்றுநோய்ச் சோதனைக்காக, புதிதாகப் பிறக்கும் செல்லில் அடையாளம் போடும் ஒரு மருந்து செலுத்தப்பட்டவர்கள் இறந்த பிறகு, அவர்கள் மூளையைச் சோதித்ததில் கிடைத்த தடயம் அது. 2013ல் ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசென் இன்னும் விசித்திரமான வழியில் போனார். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 ஒவ்வொரு செல்லிலும் அது பிறந்த வருடத்தை முத்திரை குத்தியிருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு 700 புதுச் செல் என்றார். 2018ல் ஒரு குழு, பெரியவர்கள் மூளையில் அப்படி ஒன்றும் காணோம் என்றது. அடுத்த மாதமே இன்னொரு குழு, வயதானவர்களிடம்கூட இருக்கிறது என்றது. சண்டை முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

சரி, 700 என்றே வைத்துக்கொள்வோம். மூளையில் இருப்பவை சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். இந்தப் புதுச் செல்கள் பிறக்கும் இடமோ நினைவாற்றலுக்கான ஒரு மூலை. விழிப்பைத் தூக்கி நிறுத்தும் மூளைத்தண்டிலும் தாலமஸிலும் செத்ததை ஈடுகட்டும் அளவுக்குப் புதிது முளைப்பதாக யாரும் காட்டவில்லை. ஆகவே சித்தப்பாவுக்கு என் பதில்: அந்தப் படத்தில் இருக்கிற செடி பொய்.

இதைக் கேட்டுச் சித்தி அழ ஆரம்பித்துவிட்டார். அதற்குள் நான் அடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாஷையில் சொன்னால், தென்னந்தோப்பு வாடிக் கிடப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மரம் பட்டுப்போயிருக்கலாம், அல்லது வாய்க்கால் உடைந்து தண்ணீர் வராமல் இருக்கலாம். பைக் விபத்தில் தலை வேகமாகத் திரும்பி அதிரும்போது, செல்லைவிட அதிகம் அடிபடுவது செல்லிலிருந்து நீளும் இழைகள்தான். தொலைதூரப் பகுதிகளை இணைக்கும் அந்த இழைகள் ஆயிரக்கணக்கான இடத்தில் அறுந்தும் முறுக்கியும் போகின்றன. செல் உயிரோடு இருக்கும், தகவல் வராததால் அணைந்து கிடக்கும். நினைவு திரும்புகிறவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்: மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி பேச ஆரம்பிக்கின்றன, சில இழைகள் கிளைவிட்டு வேறு வழி கண்டுபிடிக்கின்றன.

இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து டெர்ரி வாலிஸ். 1984ல் விபத்து. 2003ல், 19 வருடம் கழித்து, "அம்மா" என்றார். 2006ல் அவர் மூளையை ஸ்கேன் செய்து ஆராய்ந்தவர்கள், மூளையின் பின்பக்கம் இழைகள் புதிதாக இணைந்திருக்கக்கூடிய அறிகுறிகளைப் பார்த்தார்கள். பத்திரிகைகள் இதை அற்புதம் என்று எழுதின. அவர் அந்த 19 வருடமும் முழுக் கோமாவில் இல்லை, அரைகுறை விழிப்பில் இருந்தவர் என்பதும், பேசிய பிறகும் புது விஷயம் எதுவும் மனதில் தங்காமல் 1984லேயே வாழ்ந்தார் என்பதும் வாட்ஸ்அப்பில் வரும் கதையில் இருக்காது. மாமா அனுப்பியதிலும் இல்லை.

இதே தோப்புக் கணக்கில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கு மாட்டிக்கொண்டவர், நீரில் மூழ்கியவர், மாரடைப்பில் இதயம் நின்று மறுபடி துடித்தவர், இவர்களுக்கு ஆக்சிஜன் இல்லாமல் மூளையில் பரவலாகச் செல்லே செத்திருக்கும். மரமே பட்டுப்போன கதை. அவர்களுக்கான நாள் கணக்கு வேறு, நம்பிக்கையின் அளவும் வேறு. கீழே சொல்வதெல்லாம் அடிபட்ட மூளைக்கு. 2021ல் வெளியான டிராக்-டிபிஐ என்ற அமெரிக்க ஆய்வில், பலத்த அடிபட்டு இரண்டு வாரத்துக்குப் பிறகும் எந்தச் சுரணையும் இல்லாமல் கிடந்து உயிர்பிழைத்த 79 பேரில் 62 பேருக்கு ஒரு வருடத்துக்குள் விழிப்பு திரும்பியிருக்கிறது. விழிப்பு என்றால் பழைய ஆள் என்று அர்த்தமில்லை. இடம், நாள், ஆள் தெரிகிற அளவுக்குத் தேறியவர்கள், விவரம் கிடைத்தவர்களில் நாலில் ஒருவர்தான். ஆனால் "ஒன்றுமில்லை" என்ற டிஸ்சார்ஜ் வாக்கியத்துக்கும் இந்த எண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் 28 நாளுக்குள் "தேறவே மாட்டார்" என்கிற மாதிரிப் பேச்சே கூடாது என்கிறது.

முதல் செலவு நூற்று இருபது ரூபாய்

மறுவாழ்வு மருத்துவர் முதலில் கேட்டது என்னைத் தடுமாற வைத்தது. "அவர் எந்த நிலையில் இருக்கிறார்னு யாராவது முறையா அளந்தாங்களா?"

கண் மூடியே கிடந்தால் கோமா. கண் திறக்கும், தூக்கமும் முழிப்பும் மாறி மாறி வரும், ஆனால் சுற்றி நடப்பதற்கு எதிர்வினையே இல்லை என்றால் அது இரண்டாவது, சுரணையற்ற நிலை. எப்போதாவது கண் ஒன்றைத் தொடரும், சொன்ன பேச்சை ஒரு தடவை கேட்கும் என்றால் மூன்றாவது, குறைந்தபட்ச விழிப்பு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கோடு மெல்லியது, விளைவோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: மூன்றில் இருப்பவர் தேறும் வாய்ப்பு நன்றாகவே கூடுதல். 2009ல் பெல்ஜியத்தில் 44 பேரை மருத்துவக் குழுவே சுரணையற்றவர்கள் என்று எழுதிவைத்திருந்தது. சிஆர்எஸ்-ஆர் என்ற 23 மதிப்பெண் அளவுகோலை வைத்து நிதானமாகப் பார்த்ததில் 18 பேருக்கு விழிப்பின் அடையாளம் இருந்தது. ரவுண்ட்ஸில் ரெண்டு நிமிடம் நின்று "கையைத் தூக்குப்பா" என்று கத்திவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அது. அந்தச் சோதனையையும் ஒரு தடவை செய்தால் போதாது. இரண்டு வாரத்துக்குள் ஐந்து தடவையாவது, வெவ்வேறு நேரத்தில் செய்ய வேண்டும். இவர்கள் விழிப்பு காலையில் வந்து மத்தியானம் காணாமல் போகும்.

அந்தச் சோதனையில் ஒரு பகுதிக்குக் கைக்கண்ணாடி வேண்டும். நோயாளி டார்ச் வெளிச்சத்தையோ விரலையோ தொடராவிட்டாலும், கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைத் தொடர்வதுண்டு. மலைக்கோட்டைக் கடைத்தெருவில் நூற்று இருபது ரூபாய்க்கு, கிளிப்பச்சை பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஒன்றை வாங்கினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, சளி உறிஞ்சி, முகம் துடைத்து, தலைமாட்டை உயர்த்திய பிறகு சித்தி கண்ணாடியை அவன் மூக்குக்கு நேரே பிடித்து மெல்ல இடது பக்கம் நகர்த்தினார். கருவிழி கூடவே போனது. வலது பக்கம் கொண்டுவந்தார். பாதி வழி வந்து நின்றுவிட்டது. சித்திக்குக் கை நடுங்கிக் கண்ணாடியும் ஆட, நான் வாங்கிப் பிடித்தேன். மருத்துவர் அன்று சாயந்திரம் வந்து மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதினார்.

வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கக்கூடும் என்பது இன்னொரு விஷயம். 2006ல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழு, சுரணையற்றவள் என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னபோது, ஆரோக்கியமானவர்களுக்கு எரிகிற அதே பகுதி அவள் மூளையிலும் எரிந்தது. 2024ல் ஆறு மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வில், சொன்ன கட்டளைக்கு வெளியே எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர் உள்ளுக்குள் கட்டளையைப் பின்பற்றியது தெரிந்தது. இந்த ஸ்கேன் நம் ஊரில் கேட்டால் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை, அலையவும் வேண்டாம். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு "இவன் இனி எங்க பொழைக்கப் போறான்" என்று பேசும் சொந்தக்காரர்களை வெளியே அனுப்பினால் போதும்.

ஆறு லட்சம் எதற்கு?

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். கிளினிக் சொல்வது: எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்து, முதுகுத்தண்டு வழியாக ஏற்றினால், அது மூளைக்குப் போய்ப் புது நரம்பு செல்லாகும். மஜ்ஜைச் செல் அப்படிப் போய் நரம்பு செல்லாக மாறி, அறுந்த இணைப்பை ஒட்டுவதாக நம்பும்படியான நிரூபணம் எதுவும் இல்லை. பலன் ஏதாவது இருந்தால் அது சுரக்கும் ரசாயனங்களால் வீக்கம் தணிவது போன்ற மறைமுக வேலையாக இருக்கும் என்பதே ஆராய்ச்சியாளர்கள் எண்ணம்.

ஜப்பானில் 2024ல் மூளை அடிக்கு ஒரு ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது உண்மை. கிளினிக்காரரும் போனில் அதைத்தான் சொன்னார். ஆனால் அது மண்டையில் துளைபோட்டுக் காயத்தின் ஓரத்திலேயே செல்லை வைக்கிற அறுவை சிகிச்சை. அதுவும் நல்ல நினைவோடு இருந்து, கை கால் மட்டும் விளங்காமல் போனவர்களுக்கு. நினைவு திரும்ப வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைக் கேட்டதும் அவர் "டாக்டரோட பேசுங்க" என்று லைனை மாற்றினார். லைன் மாறவே இல்லை.

இந்தியாவில் சட்டமும் நெறியும் தெளிவாகவே இருக்கின்றன. ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சி மட்டுமே; சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்த ட்ரையலாக நடக்க வேண்டும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆறு லட்சம் கேட்கிறார்கள் என்பதே அது ட்ரையல் இல்லை என்பதற்கு அத்தாட்சி. ஆபத்தும் சும்மா இல்லை. பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று போய் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்ட ஒருவருக்கு, முதுகுத்தண்டில் வேறொருவர் செல்லால் ஆன கட்டி வளர்ந்ததை 2016ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதே 2016ல் உத்தராகண்டின் ருத்ரபூரில் மூளைச்சாவு அடைந்த 20 பேரை ஸ்டெம் செல், லேசர், நரம்புத் தூண்டல் எல்லாம் கலந்து மீட்கப் போவதாக ஒரு திட்டம் உலகம் முழுக்கச் செய்தியானது. ஐசிஎம்ஆர் தலையிட்டுப் பதிவேட்டிலிருந்தே அதை நீக்கிவிட்டது. மூளைச்சாவு வேறு, கோமா வேறு. முதலாவது மரணம், சட்டத்திலும் மருத்துவத்திலும். கிளினிக் விளம்பரங்கள் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகின்றன என்பது என் சந்தேகம்.

மூளை டானிக்குகள்

மாமாவின் ஊசியைப் பற்றிப் பேச எனக்கே கொஞ்சம் கூச்சம். சிட்டிகோலின், பிராசிட்டம், செரிப்ரோலைசின், எல்லாம் என் கடையில் ஓடுகிற சரக்கு. மருத்துவர் எழுதுகிறார், நான் கொடுக்கிறேன். சிட்டிகோலினை 2012ல் அமெரிக்காவில் 1,213 பேருக்கு 90 நாள் கொடுத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. பன்றி மூளையிலிருந்து எடுக்கும் செரிப்ரோலைசினுக்குச் சில சிறிய ஆய்வுகள் ஆதரவாக உண்டு, நம்பிச் செலவழிக்கும் அளவுக்கு இல்லை. கெடுதல் பெரிதாக இல்லை என்பதால் எழுதுகிறார்கள், கேட்டால் "சப்போர்ட்டிவ்" என்பார்கள். மாதக் கணக்கில் போட்டால் அந்தக் காசில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தினமும் வீட்டுக்கு வருவார். மாமாவிடம் கடைக் கணக்கைக் காட்டித்தான் இதைச் சொன்னேன்.

நிரூபணம் இருக்கிற மலிவு மாத்திரை

அமாண்டடின் ஃப்ளூவுக்காக வந்த மருந்து. பிறகு பார்கின்சன் நோய்க்கு மாறியது. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் சமிக்ஞையைத் தூக்கிவிடும். 2012ல் 11 மையங்களில், அடிபட்டு 4 முதல் 16 வாரத்துக்குள் இருந்த 184 பேருக்கு நாலு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்கள் வேகமாகத் தேறினார்கள். நிறுத்தியதும் வேகம் குறைந்தது. ஆறாவது வாரம் இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன. அதாவது ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டியது நிச்சயம், ஓட்டம் முடியும் இடத்தை மாற்றியதா என்பது அந்த ஆய்வில் தெரியவில்லை. இருந்தாலும் 2018 வழிகாட்டுதல் இந்தக் கட்டத்தில் இதைக் கொடுக்கச் சொல்கிறது. பழைய மருந்து, விலையும் குறைவு. சிறுநீரகம் சரியில்லாவிட்டால் அளவு மாறும், ஃபிட்ஸ் வந்தவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள், ராத்திரி கொடுத்தால் தூக்கம் கெடும். கடையில் நேராக வந்து கேட்காதீர்கள், நான் தரமாட்டேன். மருத்துவர் எழுத வேண்டும். ஆனால் "இது இவருக்குப் பொருந்துமா?" என்று மருத்துவரிடம் கேட்க யாருக்கும் தயக்கம் வேண்டாம். எங்களுக்கு நாங்கள் கேட்கும் வரை யாரும் சொல்லவில்லை. இந்த 4 முதல் 16 வாரம் என்ற ஜன்னல்தான் அவசரமே. ஸ்டெம் செல் தாளில் தவணைத் தேதி போட்டு அவசரப்படுத்தியிருந்தார்கள். உண்மையான கெடு இருந்தது இங்கே.

தூக்க மாத்திரை சோல்பிடெம் கதையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் தூக்க மாத்திரை போட்டதும் விழித்துப் பேசினார் என்பது உண்மைதான். பிறகு 84 பேரிடம் சோதித்ததில் 4 பேருக்கு வேலை செய்தது, அதுவும் சில மணி நேரம். இருபதில் ஒருவருக்கு. மருத்துவர் முன்னால் ஒரே வேளை கொடுத்துப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும் என்பதால் எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. தம்பி நன்றாகத் தூங்கினான்.

நெற்றிப் பக்கம் மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறையில், 2014ல் குறைந்தபட்ச விழிப்பில் இருந்த 30 பேரில் 13 பேருக்குத் தற்காலிக முன்னேற்றம். சுரணையற்ற நிலையில் இருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. தாலமஸில் மின்முனை பதிப்பது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வரவில்லை. ஆக்சிஜன் அறையும் தேன், எலுமிச்சை, மணி ஓசை என்று ஐம்புலனையும் தட்டும் "கோமா தெரபி"யும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. அம்மா குரலைக் கேட்க வைக்கக் காசு கேட்பவர்களை என்ன சொல்வது.

எது தடுக்கிறது?

எந்த மருந்து எழுப்பும் என்று எல்லாரும் தேடும்போது, எது எழவிடாமல் அமுக்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் டிஸ்சார்ஜ் சம்மரியை மருந்துக்கடைக்காரன் கண்ணோடு படித்தபோதுதான் இது உறைத்தது. ஃபெனிடாயின் மூன்று வேளை, குளோனசிபாம் ராத்திரி, முரண்டு பிடித்தால் ஹாலோபெரிடால். மூன்றும் மூளையை மந்தமாக்கும். ஃபெனிடாயின் முதல் வாரத்து ஃபிட்ஸைத் தடுக்கும், அதற்குப் பிறகு முன்னெச்சரிக்கையாகத் தொடர்வதில் லாபமில்லை என்பது 1990லேயே நிரூபணமானது. தம்பிக்கு ஃபிட்ஸ் ஒரு தடவைகூட வரவில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நரம்பியல் மருத்துவர் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்தார்.

அதேபோல மூளையில் நீர் தேங்கினால் முன்னேற்றம் அப்படியே நிற்கும், சில சமயம் பின்னால் போகும். ஒரு சிடி ஸ்கேனில் தெரியும், குழாய் வைத்தால் இறங்கும். எடுத்த எலும்பைத் திரும்ப வைத்த பிறகு சிலர் தெளிவதும் உண்டு. தைராய்டு, சோடியம், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண். பெயரைக் கேட்டாலே அலுப்பாக இருக்கும் இவைதான் நாளுக்கு நாள் விழிப்பைத் தின்கின்றன. கொட்டேஷன் தாளில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

வீடா, மையமா?

இதில்தான் நான் தடுமாறினேன், இன்றும் முழுத் தெளிவில்லை. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு நிலையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களில் மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, நர்ஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மேற்சொன்ன சோதனைகளையும் மருந்துக் குறைப்பையும் அவர்கள் தானாகவே செய்வார்கள். ஆனால் படுக்கைக்குக் காத்திருக்க வேண்டும், கூடவே ஒருவர் தங்க வேண்டும், அவர் சம்பளம் போகும். "நியூரோ ரிஹாப்" என்று போர்டு மாட்டிய சில தனியார் இடங்களையும் போய்ப் பார்த்தேன். ஒன்றில் எட்டுக் கட்டிலுக்கு ஒரு அட்டெண்டர். மத்தியானம் மூன்று மணிக்குப் போனபோது எல்லாரும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல நேரம் இல்லை. சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

வீட்டுக்கு ஏர் பெட், சக்‌ஷன் மெஷின், தலைப்பக்கம் உயரும் கட்டில் வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் மாதங்களில் கைகொடுப்பது கம்மி. 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் இரண்டையும் கலந்தோம்: மையத்தில் ஐந்து வாரம், சித்தியும் சித்தப்பாவும் குழாய்ச் சாப்பாடு, புரட்டல், சளி உறிஞ்சல் எல்லாம் கைவரப் பெற்ற பிறகு வீடு. முதல் மூன்று மாதமாவது மையம் என்பதுதான் என் கட்சி. காசு அவ்வளவுதான் வந்தது.

சத்தமாக யாரும் பேசாத இன்னொரு வழி, சிகிச்சையை மட்டுப்படுத்துவது. மும்பையில் அருணா ஷான்பாக் 42 வருடம் படுக்கையில் இருந்த வழக்கில்தான் 2011ல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. 2018ல் உரிமையாக ஏற்று, 2023ல் நடைமுறையை எளிதாக்கியது. மாதக் கணக்கில், பல தடவை அளந்து, மாற்றமே இல்லாத போது யோசிக்க வேண்டிய விஷயம் அது. ஏழாவது வாரத்தில் இல்லை.

தம்பிக்கு ஒன்பதாவது வாரம் அமாண்டடின் ஆரம்பித்தார்கள். பதினொன்றாவது வாரம் கட்டை விரலைத் தூக்கினான். மருந்தா, மந்தமாக்கும் மாத்திரைகளை எடுத்ததா, நாள் ஆனதா? எல்லாம் ஒரே சமயத்தில் நடந்ததால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே வாரம் ஆறு லட்சம் கட்டியிருந்தால் ஸ்டெம் செல்தான் எழுப்பியது என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லியிருப்பார், அடுத்த வீடும் நிலத்தை விற்றிருக்கும். இப்போது பதினாலு மாதம். எலும்பை வைத்தாயிற்று, டிராக்கி எடுத்தாயிற்று. இட்லியைப் பிசைந்து கொடுத்தால் விழுங்குகிறான். சித்தியை அடையாளம் தெரிகிறது, என் பெயரை மூன்றில் ஒரு தடவை சரியாகச் சொல்கிறான். இடது கை மடங்கியே இருக்கிறது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில்லை.

கொட்டேஷன் தாளின் பின்பக்கம் காலியாக இருந்ததால் சித்தி அதில்தான் அந்த நாட்களில் குறித்துவைத்தார்: எத்தனை மணிக்குக் கண்ணாடியைப் பார்த்தான், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம். மருத்துவர் ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். கிளினிக்கிலிருந்து இன்னும் மாதம் ஒரு தடவை போன் வருகிறது, இப்போது இருபது சதவீதம் தள்ளுபடியாம். சித்திதான் எடுக்கிறார். "சிடிஆர்ஐ பதிவு நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்கிறார். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு மாதமும் வைத்துவிடுகிறார்கள்.